விபிஎன் ஓடும்போதே வங்கிச் செயலியும் பிரிண்டரும் வேலை செய்ய: ஸ்பிளிட் டனலிங் அமைப்பது எப்படி?

விபிஎன் என்பது நம் டேட்டாவைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக இணையத்துக்கு அனுப்பும் சேவை. அதை ஆன் செய்தவுடன் வங்கிச் செயலி உள்ளே விட மறுக்கும். பக்கத்து அறையில் இருக்கும் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும். பலர் விபிஎன்னை அணைத்துவிட்டு வேலையை முடிப்பார்கள், திரும்ப ஆன் செய்ய மறந்துவிடுவார்கள். இப்படி அணைத்து அணைத்துப் போடத் தேவையில்லை. எந்தச் செயலி விபிஎன் வழியாகப் போக வேண்டும், எது நேராக இணையத்துக்குப் போக வேண்டும் என்று நாமே பிரித்துவிடலாம். அதற்குத்தான் ஸ்பிளிட் டனலிங்; டனல் என்பது விபிஎன் போடும் தனிப்பாதை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இதன் தேவை 2022-க்குப் பிறகு கூடியிருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) போன்ற விவரங்களை விபிஎன் நிறுவனங்கள் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது அது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. இப்போது ‘இந்தியா’ என்று பட்டியலில் தெரிவது சில சேவைகளில் சிங்கப்பூர் போன்ற இடத்தில் ஓடும் சர்வர்தான். அதில் இணைந்தால் சென்னையில் இருக்கும் தளத்தைத் திறக்கக்கூட டேட்டா கடல் தாண்டிப் போய்த் திரும்புகிறது. வங்கியின் கண்ணுக்கும் நீங்கள் ஏதோ ஒரு டேட்டா சென்டரிலிருந்து வருபவராகத் தெரிவீர்கள். சந்தேகப்பட்டுத் தடுப்பது அதன் வேலை.

முதலில் முடிவு செய்ய வேண்டியது

செட்டிங்ஸைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். எல்லாமே விபிஎன்னில் போகட்டும், சிலதை மட்டும் விலக்குவோம் என்பது ஒரு வழி. எல்லாமே நேராகப் போகட்டும், சிலதை மட்டும் விபிஎன்னில் சேர்ப்போம் என்பது இன்னொரு வழி. பல செயலிகளில் இந்த இரண்டும் ‘எக்ஸ்க்ளூட்’, ‘இன்க்ளூட்’ என்ற பெயரில் இருக்கும்.

என் கருத்து இது. பொது இடத்து வைஃபையில் பாதுகாப்புக்காகக் கட்டணம் கட்டி விபிஎன் வைத்திருந்தால் முதல் வழியை எடுங்கள். விலக்குப் பட்டியல் சின்னதாக இருக்கட்டும்: வங்கி, யுபிஐ, அவ்வளவுதான். புதிதாக ஒரு செயலி போட்டால் அது தானாகவே விபிஎன்னுக்குள் போய்விடும். அலுவலக நெட்வொர்க்குக்கோ வீட்டு நெட்வொர்க்குக்கோ மட்டும் விபிஎன் வேண்டுமென்றால் இரண்டாவது வழி நல்லது. இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு அமைப்பவர்கள்தான் ‘விபிஎன் ஆன்ல இருக்கு, ஆனா ஐபி மாறலையே’ என்று குழம்புகிறார்கள்.

ஆண்ட்ராய்டு

இருப்பதிலேயே சுலபமானது இதுதான். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் செயலிவாரியாகப் பிரிக்கும் வசதி சிஸ்டத்திலேயே இருக்கிறது. விபிஎன் செயலி அதைப் பயன்படுத்திக்கொண்டால் போதும்.

1. விபிஎன் செயலியைத் திறந்து செட்டிங்ஸுக்குப் போங்கள். ‘ஸ்பிளிட் டனலிங்’ என்று இருக்கும்; சிலவற்றில் வேறு பெயரிலும் இருக்கலாம்.
2. அதை ஆன் செய்து, விலக்குவதா சேர்ப்பதா என்று தேர்ந்தெடுங்கள்.
3. பட்டியலில் வங்கிச் செயலி, யுபிஐ செயலி ஆகியவற்றை டிக் செய்யுங்கள்.
4. விபிஎன்னைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். பிறகு வங்கிச் செயலியை முழுவதும் மூடிவிட்டுத் திறங்கள்.

நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய விபிஎன் முறையான வயர்கார்டைப் பயன்படுத்துபவர்கள், அதன் செயலியில் டனலின் பெயரைத் தொட்டு, பென்சில் குறியை அழுத்தினால் ‘ஆல் அப்ளிகேஷன்ஸ்’ என்ற பொத்தான் தெரியும். அதற்குள் இதே இரண்டு தேர்வுகளும் இருக்கின்றன.

இவ்வளவும் செய்த பிறகு வங்கிச் செயலிக்கு இணையமே கிடைக்கவில்லை என்றால் போன் செட்டிங்ஸில் விபிஎன் பகுதிக்குப் போங்கள். உங்கள் விபிஎன்னுக்குப் பக்கத்திலுள்ள சக்கரக் குறியைத் தொட்டால் ‘ஆல்வேஸ்-ஆன் விபிஎன்’, அதன் கீழே ‘பிளாக் கனெக்‌ஷன்ஸ் விதவுட் விபிஎன்’ என இரண்டு ஸ்விட்ச் இருக்கும். இரண்டாவது ஆனில் இருந்தால், விபிஎன்னுக்கு வெளியே எதையும் விடாதே என்று போனுக்கு நாமே சொல்லி வைத்திருக்கிறோம் என்று பொருள். விலக்கிய செயலிகளும் அதில் மாட்டிக்கொள்ளும். ஸ்பிளிட் டனலிங் வேண்டுமென்றால் இதை ஆஃப் செய்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரயில் டிக்கெட் செயலியை விலக்கியிருப்பீர்கள், ஆனால் பணம் கட்டும் பக்கம் குரோமில் திறக்கும். குரோம் விலக்குப் பட்டியலில் இல்லையே, அந்தப் பக்கம் விபிஎன் வழியாகத்தான் போகும். பாதிப் பயணம் ஒரு முகவரியிலும் மீதி வேறொரு முகவரியிலும் நடந்தால் பேமென்ட் தடைபட வாய்ப்பு உண்டு. இதற்காகக் குரோமை விலக்கிவிடாதீர்கள், நீங்கள் தேடுவது எல்லாமே விபிஎன்னுக்கு வெளியே போய்விடும். இரண்டு பிரவுசர் வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் விலக்குப் பட்டியலில் போடுவது நல்ல வழி. விபிஎன்னுக்கு வெளியே இருக்கும் பிரவுசரைப் பணம் கட்டும்போது மட்டும் போனின் ‘டீஃபால்ட்’ பிரவுசராக மாற்றிக்கொள்ளலாம்.

விண்டோஸ்

கட்டண விபிஎன் செயலி என்றால் ஏறக்குறைய ஆண்ட்ராய்டு மாதிரிதான். புரோட்டான், முல்வாட், நார்ட் மூன்றிலும் விண்டோஸுக்கு இந்த வசதி உண்டு. செட்டிங்ஸில் ஸ்பிளிட் டனலிங்கை ஆன் செய்து, விலக்க வேண்டிய மென்பொருளைச் சேர்க்க வேண்டும். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் மூடித் திறக்க வேண்டும், பழைய இணைப்புகள் பழைய பாதையிலேயே நிற்கும். இங்கேயும் பிரிப்பது மென்பொருள்வாரியாகத்தான். ஒரு பிரவுசரில் ஒரு டேப் மட்டும் வெளியே, மற்றவை உள்ளே என்று இதில் செய்ய முடியாது.

விண்டோஸிலேயே இருக்கும் விபிஎன் இணைப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு வழி வேறு. கண்ட்ரோல் பேனலில் ‘நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்’ திறந்து, இடப்பக்கம் ‘சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ்’ போங்கள். விபிஎன் இணைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’, அதில் ‘நெட்வொர்க்கிங்’ டேப், ‘இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4’, மறுபடி ‘பிராப்பர்ட்டீஸ்’, பிறகு ‘அட்வான்ஸ்டு’. அங்கே ‘யூஸ் டீஃபால்ட் கேட்வே ஆன் ரிமோட் நெட்வொர்க்’ என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டு, ஓகே கொடுத்து வெளியே வந்து, மறுபடி இணையுங்கள். வெர்ஷன் 6-க்கும் இதே போலச் செய்ய வேண்டும். இனி அலுவலக முகவரிகளுக்கு மட்டும் விபிஎன், மற்றதெல்லாம் உங்கள் வீட்டு இணைப்பில். இணைந்த பிறகு ஏதாவது ஓர் அலுவலக சர்வர் மட்டும் திறக்கவில்லை என்றால், அது வேறு முகவரி வரிசையில் இருக்கலாம். அப்படியென்றால் அதற்கான ரூட்டை (அந்த முகவரிகளுக்கு விபிஎன் வழியாகப் போ என்று சொல்லும் குறிப்பை) ஐடி ஆட்களிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

அலுவலக விபிஎன்னில் கை வைக்கும் முன் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சில நிறுவனங்கள் வேண்டுமென்றே எல்லா டேட்டாவையும் தங்கள் வழியே அனுப்பச் சொல்கின்றன. அதைத் திருட்டுத்தனமாக மாற்றுவது வேலைக்கே வினையாகலாம். அதே நேரம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். 2020-இல் ஊரடங்கின்போது எல்லோரும் வீட்டிலிருந்து இணைந்து விபிஎன் சர்வர்கள் திணறியபோது, டீம்ஸ் போன்ற தன் சேவைகளின் டேட்டாவை விபிஎன்னுக்கு வெளியே விடும்படி மைக்ரோசாஃப்டே பரிந்துரைத்தது.

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் நெட்வொர்க் மேனேஜர் இருந்தால், விபிஎன் இணைப்பின் ஐபிவி4 (மேலே பார்த்த அதே வெர்ஷன் 4) பக்கத்தில் ‘யூஸ் திஸ் கனெக்‌ஷன் ஒன்லி ஃபார் ரிசோர்சஸ் ஆன் இட்ஸ் நெட்வொர்க்’ என்பதை டிக் செய்தால் போதும்.

ஐபோன்

ஐபோனில் செயலிவாரியாகப் பிரிப்பதை ஆப்பிள் நம் கையில் தரவில்லை. நிறுவனம் நிர்வகிக்கும் போன்களில்தான் அது சாத்தியம். நமக்கு இருப்பவை மாற்று வழிகள். பல விபிஎன் செயலிகள் ஆப்பிளின் ஷார்ட்கட்ஸ் செயலியில் ‘இணை’, ‘துண்டி’ என்ற கட்டளைகளைத் தருகின்றன. ‘ஆட்டோமேஷன்’ பகுதியில் வங்கிச் செயலி திறந்தால் துண்டி, மூடினால் இணை என்று அமைத்துவிடலாம். அந்தச் சில நிமிடங்கள் மொத்த போனும் விபிஎன்னுக்கு வெளியே இருக்கும் என்பதால், பொது வைஃபையில் இருக்கும்போது மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொண்டு செய்யுங்கள். பிரிண்டர் மட்டும்தான் பிரச்சினை என்றால் வயர்கார்டில் ‘எக்ஸ்க்ளூட் பிரைவேட் ஐபிஸ்’ என்ற ஸ்விட்சைப் போட்டால் வீட்டுக்குள் இருக்கும் முகவரிகள் விபிஎன்னுக்கு வெளியே வந்துவிடும், வேலை முடிந்தது.

வயர்கார்டு: ஒரே வரியில்

வயர்கார்டின் கான்ஃபிக் (அமைப்புகள் எழுதிய) கோப்பில் ‘அலவ்டு ஐபிஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் 0.0.0.0/0, ::/0 என்றிருந்தால் எல்லாமே டனலுக்குள் போகும். வீட்டிலுள்ள சிசிடிவியையும் கோப்புகளையும் வெளியூரிலிருந்து பார்க்க மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்றால், அதை அழித்துவிட்டு 192.168.1.0/24 என்று உங்கள் வீட்டு நெட்வொர்க்கை எழுதுங்கள். டனலின் சொந்த முகவரி வரிசையையும் காற்புள்ளி போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போயிருக்கும் இடத்து ரூட்டரும் 192.168.1 என்றே முகவரி கொடுத்தால், உங்கள் கணினிக்கு எந்த 192.168.1 என்று தெரியாது, சிசிடிவி திறக்காது. எத்தனையோ ரூட்டர்கள் இந்த வரிசையோடுதான் கடையிலிருந்து வருகின்றன. வீட்டு ரூட்டரின் லேன் (வீட்டுக்குள்ளான) முகவரியை 192.168.73.1 போல யாரும் அதிகம் வைக்காத எண்ணுக்கு முதலிலேயே மாற்றிவிட்டு, அலவ்டு ஐபிஸிலும் அதற்கேற்ப 192.168.73.0/24 என்று எழுதுங்கள்.

சரியாகப் பிரிந்ததா?

விபிஎன்னை ஆன் செய்துவிட்டு, உள்ளே இருக்கும் பிரவுசரிலும் வெளியே இருக்கும் பிரவுசரிலும் ஐபி முகவரி காட்டும் ஒரே தளத்தைத் திறங்கள். இரண்டு வேறு முகவரிகள் தெரிய வேண்டும். ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் காட்டும் தளமாகப் பாருங்கள். விபிஎன்னுக்குள் இருக்க வேண்டிய பிரவுசரில் ஐபிவி6 மட்டும் உங்கள் இணைய நிறுவனத்தின் பெயரைக் காட்டினால், அந்த டேட்டா வெளியே கசிகிறது. விபிஎன் செட்டிங்ஸில் ஐபிவி6 கசிவைத் தடுக்கும் தேர்வைத் தேடி ஆன் செய்யுங்கள்.

தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ்; அதற்கும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். அலுவலக விபிஎன்னைப் பிரித்த பிறகும், பல அமைப்புகளில் தளப் பெயர்களைத் தேடும் கேள்விகள் அலுவலக டிஎன்எஸ் சர்வருக்கே போகும். வீடியோ உங்கள் வீட்டு இணைப்பில் ஓடினாலும் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது அங்கே பதிவாகலாம். சொந்த வேலைக்குச் சொந்தக் கணினியையே வைத்துக்கொள்ள முடிந்தால் அப்படியே செய்யுங்கள்.