போட்டோஷாப்பில் பார்த்த நிறம் தாளிலும் வர

திரையில் பளிச்சென்று இருந்த படம் தாளில் சிவப்படித்து வந்தால் உடனே மையைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் போட்டோஷாப்பும் பிரிண்டர் டிரைவரும் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) ஆளுக்கொரு முறை நிறத்தைத் திருத்தியிருக்கும். பிரிண்ட் விண்டோவில் கலர் ஹேண்ட்லிங்கை 'போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' என்று வைத்து, உங்கள் பிரிண்டருக்கும் தாளுக்கும் பொருந்தும் ஐசிசி புரொஃபைலை, அதாவது அந்தப் பிரிண்டரில் அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பை, தேர்ந்தெடுங்கள். அப்புறம் டிரைவருக்குள் போய் அங்கே இருக்கும் நிறத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். கிளாஸி தாளை வைத்துவிட்டு டிரைவரில் தாள் வகையை 'பிளெயின் பேப்பர்' என்றே விட்டால் மையின் அளவு தப்பிப்போய் படம் மங்கும். 4×6 அங்குலத்துக்கு 1200×1800 பிக்சல், அதாவது 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்), போதும். சரி, இவ்வளவுக்குப் பிறகும் வெள்ளைக் கோடு விழுகிறதா? முதலில் மைத் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் நாஸில் செக் போட்டுப் பாருங்கள், அடைப்பை நீக்கும் ஹெட் கிளீனிங்கைச் சும்மா சும்மா ஓட்டவேண்டாம், அது மையைக் குடித்துவிடும்.