பையை மாட்டிக்கொண்டு செட்டிநாட்டில் பழைய கோயில் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

பெரிய தவறு, நிதானமாக டிபன் முடித்துவிட்டுக் காரைக்குடியில் பஸ் ஏறுவது. நான் அப்படித்தான் திருமயத்தில் போய் இறங்கினேன், மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, "நடை சாத்தியாச்சு, சாயங்காலம் வாங்க" என்றார்கள். பாறையைக் குடைந்து செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள் உள்ளே, நான் வெளியே. சரி, கோட்டைக்காவது போவோம் என்று உச்சி வெயிலில் ஏறினால் பாறை தோசைக்கல்லாகக் காய்கிறது. பூசை நடக்கிற கோயில் மதியம் சாத்தும், மாலையில் திறக்கும். தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிற இடம் மதியம் திறந்திருக்கும், மாலையில் பூட்டிவிடும். காலையிலேயே வந்து பெருமாளையும் பக்கத்துச் சிவனையும் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் கோட்டையில் ஏறி இறங்கியிருந்தால் ஒரு வம்பும் இல்லை.

அடுத்தது, நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், ஒன்பது கோயில்களில் போய் இடிபாடு தேடுவது. தலைமுறை தலைமுறையாகப் பணம் போட்டுத் திருப்பணி செய்த கோயில்கள் அவை, அவற்றில் ஒன்றான இரணியூர்க் கோயில் தூண்களில் ஒரு மூக்கு உடைந்திருந்தாலே அதிசயம். இடிந்தால்தான் பழசு என்றும் இல்லை. பிள்ளையார்பட்டியில் கூட்டத்தில் முண்டியடித்துக் கும்பிடுகிற அந்த இரண்டு கைப் பிள்ளையார் பாண்டியர் காலக் குடைவரையில் இருப்பவர்.

ஆள் அரவமில்லாத கல்தான் வேண்டும் என்றால் புதுக்கோட்டைப் பக்கம் தாண்டிப் போக வேண்டும். கொடும்பாளூர் மூவர் கோயிலில் மூன்றில் இரண்டுதான் நிற்கிறது, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். நார்த்தாமலை விஜயாலய சோழீச்சுரம் வட்டக் கருவறை, மேற்குப் பார்த்த வாசல். அதனால் காலையில் போய்ப் படமெடுத்துவிட்டு முகப்பு இருட்டாக இருக்கிறதே என்று புலம்பாதீர்கள், சாய்ந்த வெயிலில் போங்கள். எதிரே குகையில் வரிசையாக நிற்கும் பன்னிரண்டு திருமால்களையும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் அந்தப் பை! பன்னிரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு பாறை ஏறுவது வீரமில்லை. லாட்ஜிலேயே வைத்துவிடுங்கள், இல்லையென்றால் கோயில் வாசலில் பூ வாங்கிக்கொண்டு "அக்கா, இது கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கட்டுமா" என்று கேட்டுப் பாருங்கள், எனக்கு யாரும் மாட்டேன் என்றதில்லை. தண்ணீர் மட்டும் கையில் இருக்கட்டும், நார்த்தாமலைப் பாறைமேல் கடை கிடையாது. திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஏறுவதற்கு முன்னால் கீழே டீக்கடையில் கேளுங்கள், இறங்கி வந்த பிறகு அல்ல.