அடுத்தவர் பணம் உங்கள் கணக்கில்: வரித் தாக்கலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துபாயில் இருக்கும் தம்பியின் வேளச்சேரி வீட்டு வாடகை அக்காவின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அப்பாவின் சேமிப்பில் போட்ட எஃப்டியில் மகன்தான் முதல் பெயர். நம் வீடுகளில் இதெல்லாம் சகஜம். ஆனால் வங்கி வருமான வரித் துறைக்கு அனுப்பும் தகவலில் உறவுமுறை இருக்காது, பான் எண்தான் இருக்கும்.

‘எதற்கு வம்பு’ என்று அந்தப் பணத்தைத் தன் வருமானமாகவே காட்டி வரி கட்டிவிடுபவர்கள் உண்டு. அக்கா கட்டினாலும் தம்பியின் வரிப் பொறுப்பு தீராது. வாடகை வருமானம் வீட்டின் உரிமையாளருடையது.

கண்டுகொள்ளாமல் விடுவது இன்னொரு தவறு. மகனின் பான் எண்ணில் பதிவான வட்டி அவருடைய ஏஐஎஸ் அறிக்கையில் (ஒருவரின் ஆண்டு வருமானத் தகவல்களை வரித் துறை தொகுத்துத் தரும் அறிக்கை) வந்து நிற்கும். அது வேறொரு பான் எண்ணுக்கு உரியது என்று அங்கேயே பதில் பதியலாம். சரி, அதோடு முடிந்ததா? இல்லை. வட்டி கொடுக்கும்போதே வங்கி பிடித்த வரி, அதாவது டிடிஎஸ், இன்னும் மகன் பெயரில்தான் இருக்கிறது. அப்பாவின் பெயர், முகவரி, பான் எண், எந்த வட்டி, என்ன காரணம் என்று எழுதி மகன் வங்கியிடம் ஓர் அறிவிப்பு கொடுத்தால், வங்கி அந்த டிடிஎஸ்ஸை அப்பாவின் பான் எண்ணில் காட்ட வேண்டும். கவுன்ட்டரில் பலருக்கு இது தெரியாது, அதனால் ஆண்டு முடியும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது. இன்னொன்று: பிறர் பெயரில் பிடித்த டிடிஎஸ்ஸைக் கோரும் அப்பா, எளிய படிவமான ஐடிஆர்-1ஐப் பயன்படுத்த முடியாது.

வாடகையில்தான் சிக்கல் அதிகம். ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால், ஹெச்ஆர்ஏ (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) மீது வரிவிலக்கு கோரும் குடித்தனக்காரர் வீட்டுக்காரரின் பான் எண்ணைத் தன் அலுவலகத்தில் தர வேண்டும். பணம் வாங்குவது அக்கா என்பதால் அவருடைய எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். தர வேண்டியது தம்பியின் எண். தம்பி வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், வாடகை சிறியதாக இருந்தாலும் குடித்தனக்காரர் டிடிஎஸ் பிடித்தாக வேண்டும். உள்ளூரில் இருக்கும் அக்காவின் கணக்குக்குப் பணம் போவதால் அந்தக் கடமை போய்விடாது.

சுற்றுலாவுக்கு நண்பர்கள் ஜிபேயில் அனுப்பிய பங்குப் பணத்துக்கெல்லாம் பயப்பட வேண்டாம். அது வருமானமே இல்லை.

தலைகீழான தவறும் நடக்கிறது. தன் வருமானத்தையே ‘அது அவங்க பணம்’ என்று காட்டுவது. கணவர் அன்பளிப்பாகக் கொடுத்த பணத்தை மனைவி எஃப்டியில் போட்டால், வட்டி கணவரின் வருமானத்தோடுதான் சேரும். நீதிமன்ற ஆணைப்படி மனைவி, பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கொடுத்த சீத்தல்தாஸ் தீரத்தாஸ் என்பவர், அந்தத் தொகையைத் தன் வருமானத்தில் கழிக்கக் கேட்டார். 1960இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. பணம் முதலில் அவருடைய வருமானமாக வந்து, பிறகுதான் செலவானது என்பதே காரணம். உங்கள் கைக்கு வருமுன்பே அது அடுத்தவருடையதா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

அப்புறம், ரொக்கம். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். வாங்குவதையும் உரியவருக்கு அனுப்புவதையும் வங்கி வழியாகவே செய்யுங்கள். யாருக்காக வாங்குகிறீர்கள் என்று ஒரு கடிதமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.