மானிட்டர் கேபிள் எந்த ஓட்டையில் இருக்கிறது?

தனி கிராபிக்ஸ் கார்டு (திரையில் படம் காட்டும் வேலைக்கென்றே இருக்கும் பலகை) போட்ட டெஸ்க்டாப் என்றால் மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளைப் பின்பக்க யுஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் செருகாதீர்கள், அதற்குக் கீழே கிடைமட்டமாகத் தனியாக இருக்கும் கார்டின் போர்ட்டில் செருகுங்கள். மேலே இருப்பது மதர்போர்டு (கம்ப்யூட்டரின் முக்கியப் பலகை) போர்ட்; அதில் படம் வருவது பிராசசருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் வழியாக, அதனால் கேம் திக்கித் திணறும், காசு கொட்டி வாங்கிய கார்டு பல சமயம் சும்மா கிடக்கும். ஐ5-12400எஃப் மாதிரி எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசரில் உள்ளே கிராபிக்ஸே வேலை செய்யாது, மேலே செருகினால் திரை கறுப்பாகத்தான் இருக்கும் (மானிட்டர் போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்). தனிக் கார்டே இல்லையா, சரி, மதர்போர்டு போர்ட்தான் ஒரே வழி. லேப்டாப்பில் எந்த போர்ட் எதோடு இணைந்திருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும், இந்தக் கணக்கு அங்கே செல்லாது.