வெளியுறவும் செலவுக் கணக்கும்: எதிர்க்கட்சிக் கேள்விகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிஷியஸ் நாடாளுமன்றம் வழக்கமாகக் கூடும் செவ்வாய்க்கிழமைகளில், பி.என்.கியூ. என்று நாம் எல்லாரும் சொல்லிப் பழகிய எதிர்க்கட்சித் தலைவரின் தனி அறிவிப்புக் கேள்வியோடுதான் அவை சூடுபிடிக்கிறது. அதற்குக் கிடைப்பது அரை மணி நேரம். 2024 நவம்பர் 10 தேர்தலில் முதன்மைத் தீவின் 60 இடங்களையும் ஒரே கூட்டணி வென்றுவிட்ட பிறகு, எதிர் வரிசையில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே அமர்ந்தார்கள் என்பதால், அந்த அரை மணி நேரத்தின் மதிப்பு முன்னைவிடக் கூடிவிட்டது. 1982, 1995 தேர்தல்களிலும் இதே நிலையைப் பார்த்தவர்கள் நாம். வாக்கெடுப்பில் வெல்ல வழியில்லாதபோது கேள்வி ஒன்றே கையிலிருக்கும் கருவி. அதையும் மழுங்கலாகப் பிடிப்பவர்கள் அதிகம். அத்தகைய கேள்விகளுக்கு வரைவு எழுதிக்கொடுக்கும் வேலையைச் சில காலம் செய்தவன் என்ற முறையில், நானும் என்னைப் போன்றவர்களும் செய்த தவறுகளை இங்கே எழுதுகிறேன். அரசியலில் கால் வைக்கும் இளைஞர்களுக்கும், கேள்வியையும் பதிலையும் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லும் நமக்கும் இது பொருந்தும்.

முதல் தவறு, தகவலைக் கேட்க வேண்டிய இடத்தில் நியாயத்தைக் கேட்பது. அமைச்சர்களின் வெளிநாட்டுப் பயணங்கள் குறித்து நான் எழுதிய முதல் வரைவு ஏறக்குறைய இப்படி இருந்தது: "அமைச்சர் இத்தனை முறை வெளிநாடு சென்று மக்கள் பணத்தைச் செலவழிப்பது முறையா?" மூத்தவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "இதற்கு அவர் 'முறைதான்' என்று ஒரு சொல்லில் பதில் சொல்லி உட்கார்ந்துவிடுவாரே, தம்பி" என்றார். பிறகு அவரே திருத்தி எழுதினார். சென்ற நிதியாண்டின் தொடக்கத்திலிருந்து அமைச்சர் மேற்கொண்ட ஒவ்வொரு பயணத்திற்கும், நாடு, நாட்களின் எண்ணிக்கை, உடன் சென்றவர்களின் பெயரும் பதவியும், விமானச் சீட்டின் வகுப்பும் விலையும், தினப்படி, விடுதிச் செலவு, அழைத்த நாடு ஏற்றுக்கொண்ட பங்கு ஆகியவற்றைத் தனித்தனியே தெரிவிப்பாரா என்பதே திருத்திய கேள்வி. இதில் கோபம் எங்கும் தெரியாது. ஆனால் இதற்கு மழுப்பலாகப் பதில் சொன்னால், எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்பது கேட்பவர் அனைவருக்கும் தெரிந்துவிடும். சீட்டின் விலையை மட்டும் கேட்டுவிட்டுத் தினப்படியை விட்டுவிடுவதும், அமைச்சரை மட்டும் கேட்டுவிட்டுப் பின்னால் சென்ற ஆலோசகர்களை மறந்துவிடுவதும் இந்தத் தவறின் குட்டிகள்தான். ஆலோசகரின் செலவு பல நேரங்களில் அமைச்சகத்தின் கணக்கில் இராது. அரசு சார் நிறுவனம் ஒன்றின் கணக்கில் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, எண்களைப் பற்றியது. இதற்கு, இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுக்கூட்டம் பற்றிய ஒப்பந்தத்தைவிடச் சிறந்த பாடம் கிடையாது. 1965-இல் பிரிட்டன் அத்தீவுக்கூட்டத்தை நம்மிடமிருந்து பிரித்தது; 2019 பிப்ரவரி 25 அன்று அனைத்துலக நீதிமன்றம் அந்தப் பிரிவினையால் நம் காலனி நீக்கம் சட்டப்படி நிறைவாகவில்லை என்ற கருத்துரையை வழங்கியது; அதே ஆண்டு மே 22 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் நம் பக்கம் நின்றன. ஆறு ஆண்டுகள் கழித்து, அதே மே 22 அன்று, 2025-இல், தீவுகளின் இறையாண்மையை நமக்குத் தரும் ஒப்பந்தம் கையெழுத்தானது. டியேகோ கார்சியா இராணுவத் தளத்தை 99 ஆண்டுகள் பயன்படுத்துவதற்காகப் பிரிட்டன் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 165 மில்லியன் பவுண்டும், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு 120 மில்லியன் பவுண்டும், அதன் பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயரும் தொகையும் தர வேண்டும். சாகோஸ் மக்களுக்கான 40 மில்லியன் பவுண்டு அறநிதியும், 25 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 45 மில்லியன் பவுண்டு வளர்ச்சி நிதியும் தனி.

இந்த ஒரே ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு என்ன என்று பிரிட்டிஷ் அரசைக் கேட்டால் சுமார் 3.4 பில்லியன் பவுண்டு என்கிறது; அங்குள்ள எதிர்க்கட்சியைக் கேட்டால் சுமார் 35 பில்லியன் என்கிறது. இரண்டில் எதையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. வரும் 99 ஆண்டுகளின் தவணைகளை, விலைவாசி உயர்வையும் சேர்த்து, அப்படியே கூட்டினால் பெரிய எண் வரும். தொலைவில் இருக்கும் பணத்திற்கு இன்று மதிப்புக் குறைவு என்ற கணக்கில் கழிவு செய்தால் சிறிய எண் வரும். ஆண்டுச் சராசரி 101 மில்லியன் என்று சொல்லப்படுவதை 99-ஆல் பெருக்கினால் சுமார் 10 பில்லியன் என்ற மூன்றாவது எண்ணும் கிடைக்கிறது. அது இன்றைய விலையில் போட்ட கணக்கு. ஆகவே "மொத்தம் எவ்வளவு?" என்று மொட்டையாகக் கேட்பவர், அமைச்சர் தமக்கு வசதியான எண்ணைத் தேர்ந்தெடுக்கக் கதவைத் திறந்துவிடுகிறார். எந்த ஆண்டின் விலையில், கழிவு செய்தா செய்யாமலா, எந்த நாணயத்தில், எந்த மாற்று விகிதத்தில் என்று கேள்வியிலேயே கட்டிப்போட வேண்டும். நிதியாண்டையும் சொல்ல வேண்டும்: நம்முடையது ஜூலையில் தொடங்குகிறது, பிரிட்டனுடையது ஏப்ரலில் தொடங்குகிறது.

கையெழுத்தையும் நடைமுறையையும் ஒன்றாகக் கொள்வதும் இதனோடு சேர்ந்த தவறே. கையெழுத்தான ஒப்பந்தம் இரு நாடுகளும் தத்தம் உள்நாட்டு நடைமுறைகளை முடித்த பிறகே உயிர்பெறும். அதுவரை தவணையும் வராது. 2025 ஜூன் மாத வரவு செலவுத் திட்டம் அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போட்டிருந்ததால், எதிர்க்கட்சி உறுப்பினர் கேட்டிருக்க வேண்டிய கூர்மையான கேள்வி, பணம் வரத் தாமதமானால் அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவீர்கள் என்பதுதான். இறையாண்மையைப் பற்றி உணர்ச்சியோடு பேசிய பலர் இதைக் கேட்கவில்லை என்பது என் மனக்குறை.

அடுத்தது, மானியத்தையும் கடனையும் குழப்பிக்கொள்வது. நம் இலகு ரயிலான மெட்ரோ எக்ஸ்பிரஸை "இந்தியா கட்டிக்கொடுத்தது" என்று நம்மவர்கள் பெருமையோடு சொல்வார்கள். 2016-இல் இந்தியா அறிவித்த 353 மில்லியன் டாலர் சிறப்புப் பொருளாதாரத் தொகுப்பு மானியம். அதில் மெட்ரோவின் பங்கு 275 மில்லியன். உச்ச நீதிமன்றக் கட்டடமும் காது மூக்குத் தொண்டை மருத்துவமனையும் அதே தொகுப்பில் வந்தவை. 2017-இல் வந்த 500 மில்லியன் டாலரோ கடன்வரி, அதாவது ஒரு வரம்புவரை எடுத்துக்கொள்ளக்கூடிய கடன்; அதைத் திருப்பித் தர வேண்டும். இத்தகைய கடன்வரிகளில் பொருளிலும் பணியிலும் பெரும்பகுதியைக் கடன் தரும் நாட்டிலிருந்தே பெற வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக உண்டு. "இந்தியா எவ்வளவு கொடுத்தது?" என்ற கேள்வியில் இவை இரண்டும் கலந்துவிட்டால், நன்றி சொல்ல வேண்டிய இடம் எது, வட்டி கணக்கிட வேண்டிய இடம் எது என்பது யாருக்கும் விளங்காது. நட்பு நாட்டைப் பற்றிக் கேட்பதே நன்றிகெட்டதனம் என்று நினைப்பவர்கள் நம் சமூகத்தில் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறார்கள். கோவில் சங்கப் பொதுக்கூட்டத்தில் கொடிக்கம்பச் செலவுக்கு ரசீது கேட்பவரைப் பார்த்து "உனக்கு பக்தி இல்லையா?" என்று கேட்கும் அதே பழக்கம் இது.

அகலேகா விஷயத்தில் நடந்த தவறு வேறு வகையானது. நமக்கு வடக்கே ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், சுமார் முந்நூறு பேர் வாழும், நம் நாட்டுக்கே உரிய அத்தீவில், 2015-இல் கையெழுத்தான புரிந்துணர்வின்படி இந்தியா கட்டிய மூன்று கிலோமீட்டர் ஓடுதளமும் இறங்குதுறையும் 2024 பிப்ரவரி 29 அன்று திறக்கப்பட்டன. "அது இராணுவத் தளமா?" என்று ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள், "இல்லை" என்ற பதில் ஆண்டுக்கணக்கில் வந்தது. ஆம், இல்லை என்று முடியக்கூடிய கேள்வியை இரகசியம் சூழ்ந்த விஷயத்தில் கேட்பவர், பதிலைத் தாமே எழுதிக்கொடுக்கிறார். ஓடுதளத்தின் பராமரிப்புச் செலவு எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது, அங்கு இறங்கும் விமானங்களுக்கு அனுமதி தரும் அதிகாரி யாருக்குக் கட்டுப்பட்டவர், இறங்கு கட்டணம் யாருக்குச் சேர்கிறது, அங்கு பணிபுரியும் வெளிநாட்டவர் எந்த வகை அனுமதியில் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால், பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவரிடம் கொட்டைப்பாக்கு விலை சொல்லும் வாய்ப்பு குறைந்திருக்கும்.

தம் கட்சியின் பழைய கையெழுத்தை மறந்துவிட்டுக் கேட்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சாகோஸ் பேச்சுவார்த்தை 2022 நவம்பரில் ஓர் அரசின் காலத்தில் அறிவிக்கப்பட்டு, 2024 அக்டோபர் 3 கூட்டறிக்கை வரை அதே அரசால் நடத்தப்பட்டு, மற்றோர் அரசால் கையெழுத்திடப்பட்டது. எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் "உங்கள் காலத்தில்தானே" என்ற ஒற்றை வரிப் பதில் தயாராக இருக்கும். கோப்பைப் படித்துவிட்டு, அந்த வரிக்குப் பிறகு என்ன கேட்பது என்று முடிவு செய்துகொண்டு எழுந்தால் போதும்.

கடைசியாக, பதில் வந்ததும் வேலை முடிந்ததாக எண்ணுவது. "தகவல் திரட்டப்படுகிறது, நாடாளுமன்ற நூலகத்தில் வைக்கப்படும்" என்ற பதிலைக் கேட்டதும் பத்திரிகையாளர்கள் பேனாவை மூடிவிடுவார்கள், உறுப்பினரும் அதை மறந்துவிடுவார். நான் மேலே சொன்ன பயணக் கேள்விக்கும் அதே பதில்தான் கிடைத்தது. சில வாரங்கள் கழித்து நூலகத்தில் வைக்கப்பட்ட இணைப்பை நாங்கள் போய்ப் பார்த்தபோது, பயணங்கள் ஒழுங்காக வரிசைப்படுத்தப்பட்டிருந்தன, தினப்படியும் இருந்தது. அட்டவணையின் அடியில், மற்ற எழுத்துகளைவிடச் சிறிய எழுத்தில், அரசு சார் நிறுவனங்களின் அலுவலர்களுக்கான செலவு இதில் சேர்க்கப்படவில்லை என்று ஒரு வரி இருந்தது. மூத்தவர் அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டு, அடுத்த செவ்வாய்க்கான தாளை என்னிடம் நீட்டினார்.