அடிதடி வழக்கு: தண்டனை பற்றிப் போடும் தப்புக் கணக்குகள்

வரப்புத் தகராறில் ஒருவருக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடித்தவர் வீட்டில் எஃப்ஐஆரில் உள்ள பிரிவை போனில் தேடி, 'ஏழு வருஷமாம்' என்று அழ ஆரம்பிப்பார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 117(2) பிரிவு, எலும்பு முறிவு போன்ற கொடுங்காயத்துக்கு ஏழு ஆண்டு 'வரை' என்கிறது. அது உச்சவரம்பு, குறைந்தபட்ச அளவு எதுவும் அதில் இல்லை. அதற்காக அபராதம் கட்டி வந்துவிடலாம் என்று நினைப்பதும் தப்பு. அந்தப் பிரிவில் சிறையும் அபராதமும் சேர்ந்தே வரும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது இரண்டு: மருத்துவர் எழுதிய காயச் சான்று, அடித்தபோது கையில் என்ன இருந்தது. பல் உடைந்தாலே கொடுங்காயம்தான். 15 நாள் கடும் வலியில் கிடந்தாலும், வழக்கமான வேலை பார்க்க முடியாமல் போனாலும் அப்படியே. அதே கொடுங்காயம் அரிவாளால் வந்திருந்தால் 118(2): ஆயுள் தண்டனை வரை போகலாம், சிறை ஓராண்டுக்குக் கீழே இறங்காது.

சம்பவத் தேதியையும் பாருங்கள். 1.7.2024-க்கு முன்பு நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். அங்கே 15 நாள் அல்ல, 20 நாள். ஆயுதத்தால் கொடுங்காயம் என்ற 326-இல் அந்த ஓராண்டுக் கட்டாயமும் கிடையாது.

அப்புறம் ராஜி, அதாவது இரு தரப்பும் சமரசமாகி வழக்கை முடித்துக்கொள்வது. '117(2)-இல் நீதிமன்ற அனுமதியோடு காயம்பட்டவர் ராஜி ஆகலாம்' என்பது சரி. 118(2) ராஜி ஆகக்கூடிய குற்றங்களின் பட்டியலிலேயே இல்லை. அங்கே ராஜி அதிகபட்சம் தண்டனையைக் குறைக்கச் சொல்லும் ஒரு காரணம். ஆர்வக்கோளாறில் ஜாமீன் நிபந்தனையை மீறி காயம்பட்டவர் வீட்டுக்கே போய்ப் பேசினால் ஜாமீன் ரத்தாகலாம். வக்கீல் வழியாகப் பேசுங்கள்.

முதல் குற்றம் என்றால் 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்குப் போகாமல் விடுவிக்கக் கேட்கலாம். ஆயுள் தண்டனைக்குரிய பிரிவுகளுக்கு அந்த வழி அடைபடும்.

என் கணக்கில் பெரிய தவறு கடைசி நாளில்தான் நடக்கிறது. குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, 'தண்டனை பற்றி ஏதாவது சொல்கிறீர்களா?' என்று நீதிபதி கேட்பார். பலர் 'ஒண்ணுமில்லைங்க' என்று தலையாட்டி விடுகிறார்கள். முன்வழக்கு இல்லை, வயதான பெற்றோர் என்னை நம்பி இருக்கிறார்கள், காயம்பட்டவரின் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டேன் என்றெல்லாம் ஆதாரத்தோடு சொல்ல வேண்டிய நேரமே அதுதான். விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாள்களின் கணக்கையும் அப்போதே கொடுத்துவிடுங்கள், அவை தண்டனையில் கழியும்.