நோட்டை மூடி வைத்துப் படியுங்கள்

கல்லூரியில் பாடம் நடந்த அன்றே, நோட்டைத் திறப்பதற்கு முன், நினைவுக்கு வருவதையெல்லாம் பத்து நிமிடம் ஒரு வெற்றுத்தாளில் எழுதுங்கள். பிறகு நோட்டைப் பார்த்து, விடுபட்டதை மட்டும் வேறு நிற மையில் சேருங்கள். அடுத்த முறை முதலில் படிக்க வேண்டியது அந்த வரிகளைத்தான்; நேரம் மிச்சமாவது இங்கேதான்.

திரும்பத் திரும்ப வாசித்தால் பாடம் கண்ணுக்குப் பழகிவிடும். அதையே தெரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். முதலில் தாள் பாதி காலியாகத்தான் இருக்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள், யோசித்துத் தேடும் அந்தத் திணறலில்தான் பாடம் பதிகிறது.

பாடமே புரியவில்லை என்றால் இது உதவாது. முதலில் ஆசிரியரிடமோ நண்பரிடமோ கேட்டுத் தெளிவாகுங்கள். கணக்குப் பாடத்துக்குச் சூத்திரத்தை எழுதிப் பார்த்தால் போதாது, விடையைப் பார்க்காமல் கணக்கையே போட வேண்டும். தேர்வுக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் நோட்டைப் புரட்டுவதே மேல்.